டிக்கி கண்ணாடி மாற்றிய அனுபவம்: நீலகிரியில் இந்த வேலை பார்த்தவர்கள் எழுதுங்க

பர்லியார்_வளைவு

ஜனவரி மாசம். பெரிய சொகுசு எஸ்யூவி. ஊட்டியில பின் கண்ணாடி புதுசா ஒட்டி, ஒரு மணி நேரத்துல சாவி கைமாறி, வண்டி கீழே இறங்கிருச்சு. குன்னூர்-மேட்டுப்பாளையம் மலைப்பாதையில பர்லியார்ல டீக்கு நிறுத்தினப்போ பார்த்தா மேல் பீடிங்குக்கும் (ஓர ரப்பர்) ஸ்பாய்லருக்கும் நடுவுல விரல் நகம் நுழையுற இடைவெளி. கண்ணாடி 6 மில்லிமீட்டர் கீழே சரிஞ்சிருக்கு. ரெண்டு கையையும் வச்சு லேசா மேல தள்ளினா வெண்ணெய்ல நகர்ற மாதிரி நகருது. கண்ணாடியில தெரியுற ஆள் முகம் அசையுறதைப் பார்த்தப்புறம் இதை எழுதாம இருக்க முடியல.

காரணம் சிக்கலானது இல்ல. யூரித்தேன் பசை காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். டியூப்ல "ஒரு மணி நேரம்"னு போட்டிருக்கிறது பெரும்பாலும் 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்துக்கு எழுதினது. ஊட்டியில ஜனவரி சாயங்காலம் 10 டிகிரிக்குக் கீழ போயிரும், விடியக்காலையில உறைபனி. அந்தக் குளிர்ல அதே டியூபுக்கு ஒரு மணி நேரம் பத்தவே பத்தாது.

இன்னொண்ணு, முன் கண்ணாடி சாய்ஞ்சு உட்காரும், எடையில ஒரு பங்கை பாடியே தாங்கிக்கும். எஸ்யூவி பின் கண்ணாடி கிட்டத்தட்ட நட்டுக்குத்தா நிக்கும். 4 மில்லி தடிமன் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. அந்த எடை முழுக்க இன்னும் இறுகாத பச்சைப் பசையைக் கீழ இழுக்கும். அதுக்கு மேல குன்னூர்ல இருந்து கீழே 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் பாடி முறுக்கிக்கும். அடியில ரெண்டு ரப்பர் கட்டை வச்சு, மேல இருந்து நாலு இடத்துல மாஸ்கிங் டேப் இழுத்துக் கட்டியிருந்தாலே பாதி தப்பிச்சிருக்கும்.

டிங்கரிங்_குன்னூர்

பர்லியார் அண்ணே, குளிரை மட்டும் குத்தம் சொல்றது பாதி உண்மைதான். ஒரு மணி நேரத்துல அனுப்பினது தப்பு, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா முழுக்க இறுகின பிறகும் உரிஞ்சு வர்ற கண்ணாடி இருக்கு.

அப்படி ஒரு வண்டி இங்க குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் வந்துச்சு. ஒட்டி 20 நாள் ஆச்சு. வடகிழக்கு மழை நேரம், டிக்கி கம்பளம் நனைஞ்சு நாத்தம். கீழ் வலது மூலையில பிளாஸ்டிக் குச்சியை விட்டுத் தூக்கினா பசை ரிப்பன் மாதிரி நீளமா உரிஞ்சு வருது. கண்ணாடிப் பக்கம் கெட்டியா ஒட்டியிருக்கு, பாடிப் பக்கம் ஒட்டவே இல்ல. மோந்து பார்த்தா புளிச்ச வினிகர் வாடை. கொஞ்ச நாள் முன்னாடி ஒழுகலுக்கு யாரோ பாத்ரூம் சிலிக்கான் போட்டு அடைச்சிருக்காங்க. சிலிக்கான் மேல யூரித்தேன் ஒட்டாது. பிரைமர் (பசைக்கு முன்னாடி பூசுற அடிப்பூச்சு) போட்டாலும் ஒட்டாது.

அதனால முறையா செய்றவங்க இப்படிச் செய்வாங்க. பழைய கண்ணாடியை எடுத்ததும் பாடியில இருக்கிற பழைய பசையை முழுக்கச் சுரண்டக் கூடாது. 1 முதல் 2 மில்லி விட்டு சமமா சீவணும். புதுப் பசைக்கு அந்தப் பழைய யூரித்தேனை விட நல்ல பிடிமானம் கிடையாது. சிலிக்கான் பட்ட இடத்தை மட்டும் பெயிண்ட் வரைக்கும் சுத்தமா எடுக்கணும். சுரண்டும்போது தகரம் தெரிஞ்சா அங்க மட்டும் மெட்டல் பிரைமர். இல்லன்னா நம்ம ஊர் ஈரத்துக்கு உள்ளுக்குள்ள துரு ஊதி பசையையே தூக்கிரும். புதுக் கண்ணாடி ஓரத்துல இருக்கிற கருப்புப் பட்டையை ஆக்டிவேட்டர்ல (பசை பிடிக்கத் தயார் பண்ற திரவம்) ஒரே திசையில துடைச்சு, கண்ணாடி பிரைமர் ஒரு கோட். பிரைமர் காய டப்பாவுல போட்டிருக்கிற நேரத்தைக் கொடுக்கணும். அவசரத்துல ஈரப் பிரைமர் மேல பசை போட்டா அடியில சோப்பு மாதிரி வழுக்கும். கையுறை இல்லாம பிரைமர் போட்ட இடத்தைத் தொட்டாலும் அந்த விரல் அகலத்துக்கு ஒட்டாது.

அப்புறம் பசைக் கோடு. நாசில்ல V வெட்டு, அடி 8 மில்லி, உயரம் 12 மில்லி, முக்கோணமா நிக்கணும். பெரிய வண்டிக்கு சுத்தளவு 4 மீட்டர் பக்கம் வரும். கணக்குப் போட்டா 200 மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 310 மில்லிலிட்டர் டியூப் ஒண்ணு போதும். ஆனாலும் ரெண்டாவது டியூபை வெட்டாம பக்கத்துல வச்சிருக்கணும். பாதியில தீர்ந்து, ஆள் கடைக்கு ஓடி வந்தா ஆரம்பிச்ச இடத்துல தோல் கட்டியிருக்கும், அந்த இணைப்புலதான் தண்ணி வரும். குளிர் நாள்ல டியூபை வெதுவெதுப்பான தண்ணியில வச்சு எடுத்தா கன் சுலபமா தள்ளும். அடுப்புல காட்டாதீங்க. இதை விட முக்கியம், பாடி தகரத்துல பனி வேர்த்திருக்கான்னு விரலால தடவிப் பார்க்கணும். குன்னூர் மூடுபனியில துடைச்ச அஞ்சாவது நிமிஷம் திரும்ப வேர்க்கும். ஷெட் கதவை மூடி, வண்டியையும் கண்ணாடியையும் ரெண்டு மணி நேரம் ஒரே இடத்துல நிறுத்தின பிறகுதான் வேலையைத் தொடணும்.

பர்லியார் வண்டியிலயும் பசை எந்தப் பக்கம் விட்டதுன்னு பார்த்தீங்களா? அதைப் பார்க்காம காரணம் சொல்ல முடியாது.

வயரிங்_கோத்தகிரி

ஒட்டுறதைப் பத்தியே பேசுறோம். அந்தக் கண்ணாடி ஒரு ஹீட்டரும்தான், பல வண்டிக்கு ரேடியோ ஆன்டெனாவும் அதுதான்.

கோத்தகிரிக்கு வந்த வண்டி ஒண்ணு, புதுக் கண்ணாடி, ஒரு சொட்டு ஒழுகல் இல்ல. காலைல டிஃபாகர் (கண்ணாடிப் பனியைப் போக்குற ஹீட்டர்) போட்டா மேல் பாதி தெளிவாகுது, அடியில நாலு கோடு மட்டும் வெள்ளையா மூடியே இருக்கு. சரியா ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்கிற உயரம். ஃப்யூஸ் நல்லா இருக்கு, கப்ளர் (வயர் இணைப்பு) நல்லா இருக்கு. உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பார்த்தா ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்துல நாலு கோட்டையும் குறுக்கா வெட்டின பிளேடுக் கீறல். மாத்தி முடிச்சு ஸ்டிக்கர் பசையைச் சுரண்டினப்போ நடந்தது. அந்தக் கோடு வெள்ளி கலந்த பேஸ்ட், நகம் பட்டாலே தேயும். ஸ்டிக்கரை ஈரத்துணி போட்டு ஊறவச்சுத் துணியாலதான் எடுக்கணும், அதுவும் கோடு போற திசையில.

அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியலன்னா மல்டிமீட்டர். டிஃபாகரை ஆன் பண்ணி, கருப்பு முனை எர்த்ல. சிவப்பு முனையில அலுமினியத் தாள் சுத்திக்கணும், இல்லன்னா முனையே கோட்டைக் கீறிரும். நல்ல கோட்டுல நடுவுல 6 வோல்ட் பக்கம் காட்டும். அறுந்த கோட்டுல ஒரு பக்கம் 12, சட்டுன்னு தாண்டினதும் 0. அங்கதான் வெட்டு. ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கோட்டு அகலம் மட்டும் விட்டு, கடத்தும் வெள்ளிப் பெயிண்ட் ரெண்டு மூணு கோட். ஒரு நாள் காயவிட்டுத்தான் கரண்ட் கொடுக்கணும்.

ஓரத்துல வயர் மாட்டுற தகட்டுக் காதைப் பிடிச்சு கப்ளரை இழுத்தா காதே கையோட வந்துரும். அதை ஃபெவிக்விக் போட்டு ஒட்டி அனுப்பின வண்டியும் உண்டு. கரண்ட் போகாது. 15 ஆம்பியர் வரைக்கும் இழுக்கிற இடம் அது. அதை ஒட்ட வெள்ளி கலந்த சால்டர், இல்லன்னா கடத்தும் எபாக்ஸி வேணும். பெரிய சால்டரிங் அயர்னை ஒரே இடத்துல ரொம்ப நேரம் வச்சா டெம்பர்டு கண்ணாடி (உடைஞ்சா பொடியாகுற கடினக் கண்ணாடி) மொத்தமா கொட்டிரும், பார்த்துக்கங்க.

ஒட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு காதுக்கும் நடுவுல ஓம் பாருங்க. 1 ஓம் பக்கத்துல வரணும், மீட்டர் வயரோட 0.2, 0.3 ஓமைக் கழிச்சுக்கணும். ஒட்டினப்புறம் தெரிஞ்சா திரும்ப முதல்ல இருந்து.

சில்வர்ஓக்

புல்வெட்டு மெஷின் தெறிச்ச கல். எஸ்டேட் ரோட்டுல நின்ன வண்டி. கல் கடுகு சைஸ், கண்ணாடி முழுக்கப் பொடி. டெம்பர்டுல விரிசல் அடைக்கிறதுங்கிற பேச்சே இல்ல, மாத்தியே ஆகணும்.

அதுல மறக்க முடியாதது, புதுசா எல்லாம் போட்டு முடிச்சு, மோட்டார் டிக்கி பட்டனை அமுக்கினதும் பாதி மூடி "கரக்"னு நின்னு திரும்ப மேல போனது. லாக்குக்குள்ள ரெண்டு கண்ணாடிக் கல். அதோட லாக் மோட்டார் பல்லும் போச்சு. கண்ணாடியை விட அந்த லாக்குக்குத்தான் அதிக நாள் காத்திருக்க வேண்டியிருந்துச்சு.

அதனால உடைஞ்சதும் டிக்கி பட்டனைத் தொடாதீங்க. காலை ஆட்டினா திறக்கிற சென்சாரை மெனுவுல ஆஃப் பண்ணுங்க. பொடி இன்னும் தொங்கிட்டு இருந்தா வெளிப்பக்கம் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டி, உள்ள பெட்ஷீட் விரிச்சு, அப்படியே இறக்கணும். உள் டிரிமைக் கழட்டி, அடியில இருக்கிற வடிகால் ஓட்டைகளைக் குச்சி விட்டுப் பார்க்கணும். கம்ப்ரஸர் காத்து அடிக்கவே கூடாது, பொடி வயரிங் ரப்பர் குழாய்க்குள்ள போய் உட்கார்ந்துக்கும். வேக்யூம் மட்டும். ஒரு தடவை எடுத்து, கையால டிக்கியை மூணு தடவை ஏத்தி இறக்கி, திரும்ப வேக்யூம். ரெண்டாவது தடவையும் ஒரு கைப்பிடி வரும். பின் சீட் பெல்ட் சுருள், ஸ்டெப்னி குழி ரெண்டையும் விட்டுறாதீங்க.

சர்வே_ரிப்போர்ட்

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா இதுல பணம் இழக்கிறவங்க அதிகம்.

போன சீசன்ல ஒரு இன்சூரன்ஸ் கிளெய்ம். காட்டுமாடு உரசி உடைஞ்ச கண்ணாடி. படம் எடுக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கி, பழைய கண்ணாடி ஓரத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க. சர்வேயர் முன்னாடி புதுக் கண்ணாடியோட வண்டி பளபளன்னு நிக்குது. எதை வச்சு எழுதுவார்? நம்பர் பிளேட் தெரியிற மாதிரி ஒண்ணு, உடைஞ்ச இடம் கிட்டத்துல ஒண்ணு, உள்ள கொட்டிக்கிடக்கிறது ஒண்ணு, படம் எடுத்துட்டுத்தான் துடைப்பத்தைத் தொடணும்.

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலயே கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனா பீடிங், கிளிப், டிரிம் எல்லாம் ரப்பர், பிளாஸ்டிக் கணக்குல 50 சதவீதம் கழியும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) இருந்தா தவிர. 1500 சிசிக்கு மேல உள்ள வண்டிக்குக் கட்டாயக் கழிவு 2000 ரூபாய். இதை எல்லாம் விடப் பெரிசு நோ கிளெய்ம் போனஸ். அஞ்சு வருஷம் கிளெய்ம் பண்ணாதவங்களுக்கு அது 50 சதவீதம். சொகுசு வண்டியோட ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பிரீமியத்துல அந்தப் பாதி எவ்வளவுன்னு முதல்ல கணக்குப் போட்டு, கண்ணாடி விலையோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு கிளெய்முக்குப் போங்க. போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தா, அதுல அனுமதிச்ச அளவுக்குள்ள கவலை இல்ல.

கருப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லி இதே நேரத்துல கேப்பாங்க. 2012ல உச்ச நீதிமன்றம் ஃபிலிமைத் தடுத்ததுல இருந்து இது வம்புதான். விதிப்படி பின் கண்ணாடி 70 சதவீதம் வெளிச்சம் விடணும். பிற்காலத்துல ஃபிலிமை உரிச்சா வயரிங் அண்ணன் சொன்ன கோடும் கூடவே உரியும்.

மேட்டுப்பாளையம்_லோடு

கண்ணாடி மேல ஏறி வர்ற கதைங்க. கோயமுத்தூர்ல இருந்து மரச்சட்டத்துல நிறுத்தி, 14 வளைவும் தாண்டி முழுசா வந்து சேர்ந்துச்சு. ஷெட்ல இறக்கி சிமெண்ட் தரையில ஒரு மூலையை வச்சாங்க, அடியில ஒரு மணல் பொடி. பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதானுங்க. டெம்பர்டு கண்ணாடி நடு முகத்துல அடி தாங்கும், விளிம்புல தாங்காது. எப்பவும் நிமிர்த்தி, கீழ ரெண்டு தெர்மாகோல் கட்டை, மூலை நாலுக்கும் அட்டை. படுக்க வச்சுக் கொண்டுவரவே கூடாதுங்க.

பழசு ஓரத்தை அறுக்கிறதுக்கு முன்னாடியே புதுசைச் சரி பாருங்க. 17 எழுத்து சேஸ் நம்பரை வச்சுத்தான் ஆர்டர் போடணும். ஒரே மாடல்ல வைப்பர் ஓட்டை உள்ளது, இல்லாதது, கம்பெனியிலயே லேசா கருப்பா வர்றது, ஆன்டெனா கோடு உள்ளதுன்னு வேற வேற வரும். கீழ் மூலை முத்திரையில ஐஎஸ்ஐ இருக்கான்னும் பாருங்க.

கண்ணாடி வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் பாலித்தீன் ஒட்டிக் கீழ இறங்குறவங்க ஒண்ணு கவனிக்கணுங்க. ஓடுற வண்டிக்குப் பின்னால காத்தழுத்தம் குறையும், ஷீட் கிழிஞ்சா சைலன்சர் புகை உள்ள இழுக்கும். ஏசியை வெளிக்காத்துக்கு மாத்தி, ஃபேன் வேகமா வச்சு ஓட்டுங்க. தலை வலிச்சா உடனே நிறுத்திருங்க.

பர்லியார்_வளைவு

டிங்கரிங் அண்ணன் கேட்டதுக்கு: ரெண்டு பக்கமும் பசை பிடிச்சுத்தான் இருந்துச்சு. நடுவுல பச்சையா இருந்ததுதான் நகர்ந்துச்சு. சிலிக்கான் வாடை இல்ல. அதனால அந்த வண்டிக்குக் குளிரும் அவசரமும்தான் காரணம்னு இப்பவும் சொல்றேன்.

திரும்பச் செஞ்சப்போ கம்பியால அறுத்து எடுத்து, பசையை 2 மில்லிக்குச் சீவி, மூடின ஷெட்ல ஒட்டி, ராத்திரி முழுக்க அங்கயே நிறுத்தினாங்க. கதவை அடிச்சுச் சாத்தினா உள்காத்து பச்சைப் பசையைத் தள்ளும்னு டிரைவர் பக்கக் கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கியே வச்சிருந்தாங்க. காலைல ஹோஸ்ல வேகம் இல்லாம மேல இருந்து 10 நிமிஷம் தண்ணி விட்டு, உள்ள ஒரு ஆள் டிஷ்யூ பேப்பரை ஓரம் முழுக்க ஒத்தி ஒத்திப் பார்த்தார். எங்கயும் நனையல. டேப்பை மறுநாள் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் உரிச்சாங்க.