சவரக்கத்தி போய் பாதி பிளேடு வந்தது: சலூன் அனுபவங்கள்

பாளையங்கோட்டை, சலூன்காரர்:
சலூனில் வந்த பெரிய மாற்றம் டிரிம்மர் என்பார்கள். நான் பாதி பிளேடு என்பேன். முழு பிளேடை இரண்டாக ஒடித்துப் பிடியில் மாட்டி, ஒருவருக்கு மட்டும் போட்டுத் தூக்கிப் போடுவது அது. அப்பாவின் சவரக்கத்தி நல்ல எஃகு. தீட்டுக்கல்லில் தீட்டித் தோல்வாரில் இழுத்தால் கன்னத்தில் வைத்ததே தெரியாது. ஆனால் காலையிலிருந்து வருகிற எல்லார் முகத்திலும் அதே கத்திதான். நடுவில் டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு. 1986-ல் இந்தியாவிலேயே முதல்முறையாகச் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்து வந்த வருடங்களில் ஆட்களே "புது பிளேடு போடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதைவிடச் சுலபமாகத் தொற்றுவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே 7 நாள்கூடத் தாங்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். எல்லார் முகத்திலும் தேய்த்த படிகாரக் கட்டியையும் அதனால்தான் நிறுத்தினேன்.

ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை. "ஏலே, உங்கப்பன் கத்திய எடு, இது எனக்குச் சரிப்படாது."
"தாத்தா, உங்களுக்கு முன்னாடி உட்கார்ந்தவருக்கும் அந்தக் கத்திதானே போட்டிருப்பேன்?"
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பாத்து வழி" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கத்தி தன் கனத்திலேயே இறங்கும். பிளேடு லேசு, தோலை நன்றாக இழுத்துப் பிடிக்காவிட்டால் துள்ளும். பழகக் கொஞ்ச காலம் ஆனது.

மதுரை, சலூன்காரர்:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் டிரிம்மரைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அது வருவதற்கு முன், முடி வெட்டும் கை மிஷினை நாள் முழுக்க அமுக்கி அமுக்கிக் கட்டைவிரலும் மணிக்கட்டும் ராத்திரி தூங்க விடாது. பல் மழுங்கினால் முடியை வெட்டாது, பிடித்து இழுக்கும். பிள்ளைகள் நாற்காலியைப் பார்த்ததுமே அழுததற்குக் காரணம் அதுதான். இன்றைக்குப் பையன்களே "சைடுல ஒண்ணாம் நம்பர் போடுங்கண்ணா" என்கிறார்கள். அந்த நம்பர் சீப்பை டிரிம்மரில் மாட்டினால் முடி 3 மில்லிமீட்டர் நிற்கும், அளவு பிசகாது. உச்சியில் மட்டும் இன்னும் சீப்பும் கத்திரியும்தான். டிரிம்மர் பல்லையும் ஒவ்வொருவருக்கும் துடைத்து மருந்து அடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் கருவியை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

சேலம், வாடிக்கையாளர்:
திருமலையில் மொட்டை போடப் போனபோது டோக்கனோடு பாதி பிளேடையும் கையில் கொடுத்தார்கள். நாமே கொண்டுபோய்க் கொடுப்பதால் சந்தேகமே வரவில்லை. ஊரில் என் கண்முன்னால் பிளேடை ஒடித்துப் போடும் கடைக்குத்தான் போகிறேன்.

திருச்சி, தூய்மைப் பணியாளரின் மகள்:
ஒடித்த பிளேடு எங்கே போகிறது என்றும் பாருங்கள். முடியோடு சேர்த்துக் குப்பைப் பையில் போட்டிருந்த பிளேடு அம்மாவின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். பதறிவிட்டார். இப்போது மூடி போட்ட தகர டப்பாவில் சேர்த்து, மேலே 'பிளேடு' என்று எழுதி, அம்மா கையிலேயே தனியாகக் கொடுக்கிறார். சலூன் வைத்திருக்கும் அண்ணன்கள் எல்லாரும் இதைச் செய்யுங்கள்.