கோல்ஃப் டிரைவர் ஷாஃப்ட்: 46 அங்குலத்தை வெட்டலாமா?

கந்தப்பளையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் நாலு வருடமாக விளையாடுகிறேன். அதற்கு முதல் அங்கேயே கேடி, ஆட்டக்காரரின் மட்டைப் பை தூக்குகிற வேலை. இவ்வளவு நாளும் கையில் இருந்தது, ஒரு ஐயா ஊரை விட்டுப் போகும்போது கொடுத்த பழைய டிரைவர் (தூரமாக அடிக்கிற மட்டை). ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு), 43 அங்குலம். 190 யார் (கெஜம்) தூரம்தான் போகும், ஆனால் நேராகப் போகும்.

போன மாதம் கொழும்பில் ஒருவரிடம் பாவித்த டிரைவர் ஒன்று வாங்கினேன். 460 சிசி ஹெட் (பந்தை அடிக்கும் தலைப்பகுதி), கிராஃபைட் ஷாஃப்ட், 46 அங்குலம், R ஃபிளெக்ஸ் (ஷாஃப்ட் வளைகிற தன்மை). நகைக்கடையில் வேலை செய்யும் கூட்டாளியிடம் கொண்டுபோய் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தோம். பழையது 368 கிராம், புதியது 297.

சரியாகப் பட்டால் 230 யாரைத் தாண்டுகிறது. ஆனால் பத்துக்கு மூன்றுதான் அப்படி. மிச்சமெல்லாம் வலப்பக்கம் வளைந்து சைப்பிரஸ் மரங்களுக்குள் போய்விடுகிறது. போன ஞாயிறு ஐந்து பந்து தொலைந்தது. வலக்கை ஆட்டக்காரன் நான். ஷாஃப்ட் லேசாக இருப்பதா காரணம், நீளமா, ஃபிளெக்ஸா? வெட்டினால் தூரம் போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேடி எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. வெட்டாதே. இப்போதைக்கு ரம்பத்தைத் தொடாதே.

நான் 30 வருடத்துக்கு மேல் அந்த மைதானத்தில் பை தூக்கியவன். 1889இல் தொடங்கிய கிளப் அது, எங்கள் தாத்தா காலத்திலும் அதே மரங்கள், அதே ஒடுங்கிய ஃபேர்வே (பந்து போக வேண்டிய புல்வழி). லேசான மட்டை வாங்கிய எத்தனையோ பேருக்குப் பின்னால் பந்து தேடியிருக்கிறேன். ஒன்றைக் கவனித்தேன்: எடை குறைந்ததும் கை அவசரப்படும். மேலே போன மட்டை திரும்பி முடிக்கும் முன்பே தோள் இழுத்துவிடும். ஹெட் எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. ஹெட்டின் முகம் திறந்தபடி, அதாவது வலப்பக்கம் பார்த்தபடி வந்து சேரும், பந்து வலப்பக்கம் ஓடும். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. நிதானமாக வீசுகிற ஆளுக்கு லேசான ஷாஃப்ட் நன்மைதான். நீ ஸ்டீலில் பழகிய கை, அதுதான் விசயம்.

உன் தராசுக் கணக்கில் குறைந்த 71 கிராமும் அநேகமாக ஷாஃப்டில் குறைந்ததுதான். ஹெட் அப்போதும் இப்போதும் 200 கிராம் அளவில்தான் இருக்கும். பந்து 46 கிராம். அதை அடிப்பது ஹெட். ஷாஃப்டின் எடை பந்தோடு மோதுவதில்லை. அதனால் லேசான ஷாஃப்ட் தானாகத் தூரம் தராது. உன் வீச்சு வேகம் கூடினால்தான் தரும். நீளம் வேகத்தைக் கூட்டும், உண்மை. ஆனால் மூன்று அங்குலம் தள்ளி நின்று ஒவ்வொரு முறையும் நடுவில் அடிப்பது லேசான வேலையா?

இதைச் செய்து பார். ஹெட்டின் முகத்தை நன்றாகத் துடை. காலைப் பனியில் ஈரம் இருந்தால் ஒன்றும் ஒட்டாது, வெயில் வந்த பிறகு செய். வெண்கட்டியைத் தூளாக்கி மெல்லியதாகத் தடவு. பத்துப் பந்து அடி, ஒவ்வொன்றுக்கும் பிறகு தடம் எங்கே என்று பார். குதிப் பக்கம், அதாவது ஷாஃப்ட் இறங்கும் பக்கம் பட்டால் பந்து இன்னும் வலப்பக்கம் சுழலும். அப்புறம் க்ரிப்பில் (கைப்பிடியில்) ஒரு அங்குலம் கீழே பிடித்து இன்னும் பத்து அடி. தடங்கள் நடுவில் ஒன்றுசேர்ந்தால் உன் பிரச்சினை நீளம்தான்.

இன்னொன்றும் மனதில் வை. நம் மைதானம் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பைவிடக் காற்று ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. தூரத்தை மலையே கொஞ்சம் தந்துவிடுகிறது, வளைவையும் மலையே குறைத்துக் காட்டுகிறது. இங்கே சைப்பிரஸுக்குள் போகிற பந்து கொழும்பு மைதானத்தில் இன்னும் மோசமாக வளையும். அதனால் இதை இங்கேயே திருத்திக்கொள்.

திகன அக்கா எழுதியது:

பழைய கேடி அண்ணன் சொன்னதோடு ஒரு சின்ன விசயம். R (சாதாரணம்), S (விறைப்பு) என்ற ஃபிளெக்ஸ் எழுத்துகளுக்குப் பொது அளவு கிடையாது. ஒரு கம்பனியின் R இன்னொரு கம்பனியின் S மாதிரி இருக்கும். எனவே எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீங்க தம்பி. லேசான ஷாஃப்ட்களில் முறுக்கம் (வீசும்போது ஷாஃப்ட் திருகுவது) அதிகமாக இருப்பதும் வழக்கம், வேகமாக வீசுகிறவர்களுக்கு அது ஹெட்டின் முகத்தைத் தடுமாற வைக்கும்.

நான் திகன விக்டோரியா மைதானத்தில் விளையாடுகிறேன். போன வருடம் என் டிரைவரில் ஒரு அங்குலம் வெட்டினேன். வெட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது ஹெட் எவ்வளவு பாரமாகத் தெரிகிறது என்ற அளவு) ஆறு புள்ளி இறங்கும், ஹெட் காணாமல் போனது மாதிரி ஆகிவிடும். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 2 கிராம் கணக்கில் 12 கிராம் ஈயப் பட்டியை ஹெட்டின் அடியில், குதிப் பக்கமாக ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் கை அமைதியானது. வெட்டுவதென்றால் க்ரிப் பக்கம் மட்டும், டேப் சுற்றி, பல் சிறிய ரம்பத்தால். தூளை மூச்சில் இழுக்காதீங்க, முகக்கவசம் போடுங்க.

கந்தப்பளையான் எழுதியது:

அண்ணன், அக்கா, இருவருக்கும் நன்றி. நேற்று பத்து மணிக்குப் பிறகு வெண்கட்டித் தூள் போட்டுப் பார்த்தேன். முழு நீளத்தில் பத்தில் ஆறு தடம் குதிப் பக்கம், பாக்குக் கொட்டை அளவு வட்டம், ஓரம் மட்டும் நசுங்கினது மாதிரி. ஒரு அங்குலம் கீழே பிடித்ததும் ஏழு நடுவில். தூரம் 220 அளவில் நின்றது. பழைய மட்டையைவிட அதுவே 30 யார் கூட.

இன்னும் ஒரு வாரம் கீழே பிடித்தே விளையாடிவிட்டு வெட்டுகிறேன். அக்கா, அந்த ஈயப் பட்டி கண்டியில் கிடைக்குமா, கொழும்பில் இருந்துதான் எடுப்பிக்க வேண்டுமா?