ரேஞ்ச் எக்ஸ்டெண்டருக்கும் டோயிங்குக்கும் தமிழ்ச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

ஒரு பிக்கப் டிரக்கின் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். சக்கரங்களைச் சுழற்றுவது மின்மோட்டார் மட்டுமே. பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டரை ஓட்டி மின்னாக்கித் தருவதோடு சரி. ராம் நிறுவனம் 2023இல் அறிவித்த வண்டியைப் போன்ற அமைப்பு: அதில் 92 கிலோவாட் மணி மின்கலம், 3.6 லிட்டர் வி6 எஞ்சின், 130 கிலோவாட் ஜெனரேட்டர். ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் எனப்படும் இந்த எஞ்சின்-ஜெனரேட்டர் இணையைத் 'தொலைவு நீட்டி' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் வினையெச்சமாகப் படித்து, "நீட்டி, பிறகு?" என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல், டோயிங் (பின்னால் பூட்டிய வண்டியை இழுத்துச் செல்வது), டிராக் (ஓடும் வண்டியைக் காற்று எதிர்ப்பது) இரண்டுமே நம்மிடம் 'இழுவை'. "இழுவையின்போது இழுவை மிகுவதால் செல்தொலைவு ஏறத்தாழப் பாதியாகலாம்" என்று ஒரு வரி நிற்கிறது.

மறுமொழி 1

ஐயா, 'மண்வெட்டி', 'பாக்குவெட்டி' ஆகியவற்றை எவரும் எச்சமாகப் படிப்பதில்லை. 'நீட்டி'யும் பழகினால் பெயராகிவிடும். ஆயினும் இதனினும் பொருத்தமான சொல் நம் இலக்கியத்திலேயே உண்டு. புறநானூற்று 102ஆம் பாடலில் ஔவையார், உமணர் தம் உப்பு வண்டியின் கீழ்மரத்தில் கட்டிச் சென்ற 'சேம அச்சு', அதாவது மாற்று அச்சு, பற்றிப் பாடுகிறார். பண்டம் மிகுதியாக ஏற்றிய வண்டி, பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் என்ன நேருமோ என்று அஞ்சி வைத்த துணை அது. பாரமிழுக்கும் வண்டிக்குச் 'சேமப்பொறி' என்பதே தகும். சேமம் வடசொல் என்று தள்ளுவோர், சங்கப் புலவரே ஆண்டதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மறுமொழி 2

அம்மா, வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. முதல் அச்சு முறிந்தால்தான் சேம அச்சுக்கு வேலை. பாரத்தோடு நெடுமேடு ஏறும்போதோ, தேவை 130 கிலோவாட்டைத் தாண்டினால் மிகுதியை மின்கலமே தர வேண்டும். அது வற்றியபின் ஜெனரேட்டர் தருவது மட்டுமே மிஞ்சி வேகம் தளரும். ஆகவே மின்கலம் தீருமுன்பே எஞ்சின் ஓடத் தொடங்க வேண்டும். 'சேமம்' என்று படிக்கும் ஓட்டுநர், தீரட்டும் என்று காத்திருப்பார். ரேஞ்சுக்குச் சிலர் எழுதும் 'வீச்சு' என்பதும் வேண்டாம்; இயற்பியலில் அது அலையின் வீச்சு. 'செல்தொலைவு நீட்டிப்பான்' என்க. டோயிங் 'இழுவை'யாகவே இருக்கட்டும், டிராக்கைக் 'காற்றுத்தடை' ஆக்குக.

மறுமொழி 3

மின்தடையும் (ரெசிஸ்டன்ஸ்) அதே கையேட்டில் வருகிறதே? தனித்த 'தடை'யைப் பிரேக்குக்கும் ஆள்கிறோம். இருப்பினும் 'காற்று' என்ற அடை இருப்பதால் குழப்பம் குறைவு, நானும் உடன்படுகிறேன்.

மறுமொழி 4

அனைவர்க்கும் நன்றி. "டிரெய்லரை இழுக்கையில் காற்றுத்தடை மிகுவதால் செல்தொலைவு ஏறத்தாழப் பாதியாகலாம்" என்று திருத்திவிட்டேன். 'செல்தொலைவு நீட்டிப்பான்' என்பதையே அனுப்புகிறேன்.

மறுமொழி 5

அனுப்புங்கள் ஐயா. எந்திரத்துக்கு 'ஆன்' விகுதி சேர்ப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. 'நீட்டி'யே போதும் என்ற என் கருத்தைப் பதிந்துவைக்கிறேன்.