குண்டு போடுதல் போட்டிக்குப் போற பெடியனுக்கு ஜிம்மில குடுத்த குளிசை

கேள்வி: கிளிநொச்சியில 16 வயது மாணவன். ‘விற்றமின்’ எண்டு குடுத்த மட்டையில ஸ்டானோசோலோல் எண்டிருக்கு. மாகாணப் போட்டிக்கு முன்னம் நிப்பாட்டினால் காணுமோ?

பதில் 1: காணாது, ஆனாலும் இண்டைக்கே நிப்பாட்டோணும். அது விற்றமின் இல்லை, தசையைப் பெருக்கிற ஸ்டீரொய்ட்; விளையாட்டில தடைசெய்த மருந்து. அதின்ர எச்சம் சிறுநீரில கிழமைக்கணக்கா நிக்கும். போட்டி இல்லாத நாளிலயும் தடைதான். தெரியாமல் எடுத்தாலும் குற்றம்.

பதில் 2: பதக்கத்தை விடுங்கோ, பெடியனைப் பாருங்கோ. இந்த வயதில இந்தக் குளிசையால எலும்பு முனையில இருக்கிற வளர்ச்சித்தட்டு நேரத்தோட மூடினால் உயரம் அதோட நிண்டிடும். இது ஈரலையும் தாக்கும். மட்டையோட வைத்தியரிட்டக் கூட்டிப்போய் ஈரல், கொழுப்பு இரத்தப் பரிசோதனை செய்யுங்கோ. கண் மஞ்சளிச்சால், சலம் கடும் நிறமாப் போனால் அண்டைக்கே ஆஸ்பத்திரி.

பதில் 3: தசை வளரக் குளிசை வேண்டாம், சாப்பாட்டைப் பாருங்கோ. 60 கிலோப் பெடியனுக்கு நாளுக்கு 90 கிராம் புரதம் போதும். முட்டை ஒண்டில 6, காய்ஞ்ச பயறு 100 கிராமில 24. சோத்தைக் குவிச்சு மீனைக் குறைக்கிறதிலதான் பிழைக்குது.