கட்டை இல்லாமல் கர்ணன் கடல் தாண்டலாமா?

காவேரிப்பட்டினத்தான்:
எங்கள் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, சிங்கப்பூரில் கூத்து ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாதான் ஜமாவை நடத்துகிற வாத்தியார், கர்ணன் வேஷமும் அவர்தான். ‘கர்ண மோட்சம்’ ஆட வேண்டும். ஏற்பாட்டாளர்களின் நிபந்தனைகளைப் படிக்கும்வரை வீடே சந்தோஷமாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டுமாம். மரத்தில் செதுக்கின கிரீடம், புஜக்கட்டை மாதிரியான கட்டைச் சாமான் வேண்டாமாம், லேசான வெல்வெட் உடை அவர்களே தைத்துத் தருவார்களாம். பின்னால் எல்இடி திரையில் அரண்மனையும் போர்க்களமும் ஓடுமாம். பாட்டும் ஆட்டமும் உங்களுடையது, மேடையும் உடையும் எங்களுடையது என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அப்பா வாயே திறக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓசூர் லைட்மேன்:
யோசிக்காமல் போய் வாருங்கள் தம்பி. மேடை விளக்கு வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய பெரிய இசை நாடகங்களுக்கே இது நடக்கிறது. ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ 1986இல் லண்டனில் தொடங்கியது. மரியா பியோர்ன்சன் வடிவமைத்த அரங்கமும் உடையும்தான் நாடு நாடாக அப்படியே போயின. 2003இல் புடாபெஸ்டில் கதையையும் இசையையும் மட்டும் வாங்கிக்கொண்டு, அரங்கம், உடை இரண்டையும் தாங்களே புதிதாகச் செய்தார்கள். அதற்கென்றே தனி உரிமம் இருக்கிறது. நாடகம் செத்தா போனது? நியூயார்க்கில் 35 வருடம் ஓடி 2023இல்தான் நின்றது.

பென்னாகரத்தான்:
அண்ணா, நியூயார்க்கில் 35 வருடம் ஓடியது அந்தப் பழைய அரங்கத்தோடுதான். உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

‘லே மிசராப்ளே’ இசை நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் லண்டனில் வந்தபோது அதற்கு ஒரு சுழல்மேடை இருந்தது. சண்டை முடிந்ததும் போராளிகள் கட்டிய தெருத் தடுப்பு மெல்லத் திரும்பும். அந்தப் பக்கம் செத்துக் கிடக்கிறவர்கள் அப்போதுதான் கண்ணில் படுவார்கள். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. 2019இல் அந்த வடிவத்தை நிறுத்திவிட்டு, சுழல்மேடை இல்லாத, மூலக்கதையை எழுதிய விக்டர் ஹியூகோவின் ஓவியங்களைத் தழுவிய படங்களைப் பின்னால் காட்டுகிற வடிவத்தை அங்கே கொண்டுவந்தார்கள். பாட்டெல்லாம் இருக்கிறது. மேடை திரும்பிச் சொன்ன சேதி போய்விட்டது.

கூத்தில் இது இன்னும் அதிகம். இரண்டு பேர் துணித் திரை பிடிக்கிறார்கள். உள்ளிருந்து விருத்தம் கேட்கிறது, சலங்கை கேட்கிறது. திரைக்கு மேலே முதலில் தெரிவது கிரீடத்தின் நுனிதான். அதைப் பார்த்துத்தானே கூட்டம் நிமிர்ந்து உட்காரும்? அதை எடுத்துவிட்டால் திரைக்குப் பின்னால் இருந்து வருவது யார்? அரண்மனையும் அப்படித்தான். கதையை விளக்கிச் சொல்கிற கட்டியக்காரன் ‘இதோ அஸ்தினாபுரம்’ என்றால் வெறும் மண்தரை அஸ்தினாபுரம் ஆகிவிடும். திரையில் படம் போட்டால் ஜனம் படத்தைப் பார்க்கும், கட்டியக்காரனைப் பார்க்காது.

ஓசூர் லைட்மேன்:
நியூயார்க் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நான் அவசரப்பட்டேன். ஆனால் கூத்து மாறவே இல்லையா? தீப்பந்தம் போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது, அது போய் டியூப்லைட் வந்தது, இப்போது எல்லோர் சட்டையிலும் மைக் தொங்குகிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ‘கூத்து போச்சு’ என்றுதான் சொல்லியிருப்பார். மகாபாரதமே தெரியாத பிள்ளைகள் அங்கே அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். போர்க்களம் எது, அரண்மனை எது என்று அவர்களுக்கு ஒரு படம் காட்டினால் என்ன குறைந்துவிடும்? திருவிழாக் கூலியை நம்பி எத்தனை ஜமா இன்னும் தாக்குப்பிடிக்கும் என்பதையும் யோசியுங்கள்.

ஊத்தங்கரை டீச்சர்:
நீங்கள் எல்லோரும் உடையிலேயே நிற்கிறீர்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அந்த ஒன்றரை மணி நேரம்தான். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுகிற கூத்து இது. கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் பண்ணுகிற இடத்தில்தான் ஊரிலே பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். நேரத்தைக் குறைக்கிறவர்கள் முதலில் கைவைப்பது அங்கேதான்: ‘சண்டை வைங்க, பேச்சைக் குறைங்க’. தம்பி, வெல்வெட்டுக்கு ஒத்துக்கொண்டாலும் பொன்னுருவியை விட்டுவிடாதீர்கள்.

காவேரிப்பட்டினத்தான்:
அந்த வெல்வெட் உடையின் மாதிரி ஒன்று நேற்று பார்சலில் வந்தது. ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பா எதுவும் சொல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அண்ணன் மிருதங்கம் வாசித்தான். அப்பா கிர்க்கி அடித்தார், அதாவது சுழன்று ஆடினார். இரண்டாவது சுற்றிலேயே கால் பின்னி, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியதும் சொன்னார்: “கட்டை இருந்தா அதுவே என்னைச் சுத்தும். இதுல நான்தான் சுத்தணும்.”

அப்புறம் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கின கிரீடம், தாத்தா போட்டது. புஜக்கட்டையில் மூன்று கண்ணாடிச் சில் உதிர்ந்திருந்தது. விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒட்டினார். கயிறு அழுத்தி அழுத்தி அவர் தோளில் கறுப்பாக ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் அது மச்சம் என்று நினைத்திருந்தேன்.

லைட்மேன் அண்ணா, பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று நீங்கள் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ‘அதுக்குத்தானேடா கட்டியக்காரன்’ என்றார். இன்று காலை ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிவிட்டோம். கர்ணன், துரியோதனன், அர்ஜுனன் மூன்று பேருக்கும் கட்டைச் சாமான் வரும். எல்இடி திரை வேண்டாம். நேரம் இரண்டரை மணி, பொன்னுருவி தர்க்கம் முழுசாக. முடியாது என்றால் நாங்கள் வரவில்லை.

ஓசூர் லைட்மேன்:
திரை விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை, அதைப் பிறகு பேசுவோம். அந்தக் கிரீடத்தைச் சாதாரணப் பெட்டியில் வைத்து விமானத்தில் போட்டுவிடாதீர்கள், நொறுங்கிவிடும். விளக்குகளை ஊர் ஊராக அனுப்புகிற பெட்டி என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, உள்ளே கனமான ஃபோம் போட்டது. கிரீடத்தின் உயரம், அகலம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வருகிறேன், கொண்டு வருகிறேன்.

காவேரிப்பட்டினத்தான்:
உயரம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் அளந்து மாலையில் போடுகிறேன் அண்ணா. பசை இன்னும் காயவில்லை.