ராம்ஸ்டைன் முழுங்கின நாலு சொல்

டிராப்_டி: 1998ல வந்த 'ஃபார் த மாசஸ்', இங்கிலாந்து எலக்ட்ரானிக் பேண்டு டெபெஷ் மோட் பாட்டுகளை 16 குழுக்கள் எடுத்துப் பண்ணின தொகுப்பு. வெறும் கீபோர்டு பேண்டுக்கு கிட்டார் வந்தப்புறம்தான் உயிர் வந்துச்சு. கடைசிப் பாட்டு, ஜெர்மன் மெட்டல் பேண்டு ராம்ஸ்டைனோட 'ஸ்ட்ரிப்ட்', ஒரிஜினலைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு.

மெட்ரோபோலிஸ்86: வெறும் கீபோர்டா? 'நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்' ஆரம்பிக்கிறதே கிட்டார்ல. 'என்ஜாய் த சைலன்ஸ்' ரிஃப், அதான் திரும்பத் திரும்ப வர்ற துண்டு, டெபெஷ் மோட்டோட மார்ட்டின் கோர் கிட்டார்ல வாசிச்சது. சரி, 'ஸ்ட்ரிப்ட்'டுக்கு வாங்க. பல்லவியில 'டவுன் டு த போன்' எங்கே போச்சு? நாலு சொல்லையும் முழுங்கிட்டாங்க. எலும்பு வரைக்கும் உரிச்சுக் காட்டுன்னு கேக்குற பாட்டு, துணியைக் கழட்டுங்கிறதோட நின்னுடுச்சு.

டிராப்_டி: சொல்லு குறைஞ்ச இடத்தை கிட்டார் நிரப்புது. கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குற டிஸ்டார்ஷனைத் திறந்துவிட்டு மைனர் கார்டை முழுசா அடிச்சுப் பாருங்க, மூணாவது சுரம் மத்ததோட மோதி சத்தம் கலங்கிடும். அதனாலதான் ரூட்டும் (கார்டோட அடி சுரம்) அஞ்சாவது சுரமும் மட்டும் அடிக்கிறது. சோகம் தர்ற அந்த மூணாவது சுரத்தைக் குரல்தான் தாங்கணும். குரலுக்கு இடம் வேணாமா?

மெட்ரோபோலிஸ்86: இடம் விட எலும்பைத்தான் எடுக்கணுமா? டிவி இல்லாம நீயா முடிவெடுன்னு சரணம் கேக்குதே, அதோட எலும்பைச் சேர்த்துப் பாருங்க. மனசை உரிக்கிற பாட்டு இது.

பழையகேசட்: ரெண்டு பேரும் தொகுப்போட முதல் பாட்டை விட்டுட்டீங்க. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் பேண்டு பண்ணின 'நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்' 1994லயே அவங்க 'ராக்கெட்' சிங்கிளோட பி-சைடா, அதான் கூட வர்ற துணைப் பாட்டா, வந்தாச்சு. பழைய சரக்கை முன்னாடி வச்சு வித்திருக்காங்க.

டிராப்_டி: பழசுன்னா கெட்டுப்போச்சா? ஊறுகாயா அது?

மெட்ரோபோலிஸ்86: பேச்சை மாத்தாதீங்க. 1986 ஒரிஜினலைக் கேளுங்க. அடியில உறுமுறது மோட்டார் சைக்கிள் எஞ்சின். ஒலியைப் பாதி வேகத்துல ஓட்டினா சுருதி ஒரு ஆக்டேவ், அதான் ஒரு ஸ்தாயி, இறங்கும், நீளம் ரெண்டு மடங்காகும். ஐட்லிங்ல தனித்தனியா விழுற வெடி அப்போ தாளமாயிடும். தொடக்கத்துல பாடகர் டேவ் கஹானோட போர்ஷே கார் ஸ்டார்ட் ஆகுது, முடிவுல பட்டாசு. டிரம் செட்டைத் தட்டி இந்தக் கனம் வராது. இதைத்தான் 'வெறும் கீபோர்டு'ன்னீங்க.

டிராப்_டி: எஞ்சின் ஓடினா பாட்டாயிடுமா? மெட்டு நிக்கணும். ராம்ஸ்டைன்ல நிக்குது.

மெட்ரோபோலிஸ்86: எலும்பு இல்லாம எப்படி நிக்கும்? ராம்ஸ்டைனோட 'ஸ்ட்ரிப்ட்' வீடியோவையே பாருங்க. நாஜி காலத்து இயக்குநர் லெனி ரீஃபென்ஷ்டால் எடுத்த 1936 பெர்லின் ஒலிம்பிக் காட்சிகள், திரை முழுக்க வீரர்களோட உடம்பு. எலும்பை வெட்டினா உடம்புதான் மிஞ்சும்னு அவங்களே காட்டிட்டாங்க.

டிராப்_டி: ஓ, இப்போ வீடியோவுக்குத் தாவியாச்சா! அந்த நாஜிப் படச் சர்ச்சையை இழுத்துதான் ஜெயிக்கணுமா? போன மாசம் க்யூர் பேண்டு பத்தின திரியிலயும் இதே வேலைதான் பண்ணீங்க.

மெட்ரோபோலிஸ்86: இதே தொகுப்புல க்யூர் 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' பண்ணாங்க, ஃபெய்லியர்ங்கிற பேண்டு 'என்ஜாய் த சைலன்ஸ்' பண்ணாங்க. பல்லவியில யாரும் கை வைக்கலை. டவுன் டு த போன். நாலே சொல்லு.

பழையகேசட்: முதல்ல அது டெபெஷா டிபேஷா? பிரெஞ்சு பத்திரிகை பேருதானே, 'தெபெஷ்'னு எழுதுங்கய்யா.

டிராப்_டி: அதையும் அவர்கிட்டயே கேளுங்க, அவர்தான் அகராதி.

மெட்ரோபோலிஸ்86: கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. அந்த நாலு சொல் எங்கே?