சித்தப்பாவோடு மறுபடி பேச ஒரு வழி வேண்டும்

பெரம்பூரில் எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே தெருவில்தான். 2024 ஏப்ரல் 19, ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சாப்பிடும்போது கட்சிப் பேச்சு முற்றி, "காசு வாங்கிட்டுப் பேசறீங்க" என்று சொல்லிவிட்டேன். பாதிச் சோற்றில் கையை உதறி எழுந்தவர், இன்றுவரை எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

குடும்ப வாட்ஸப் குழுவில் அரசியல் வேண்டாம் என்று முடிவெடுத்துப் பார்த்தோம், இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அவர் பகிர்ந்த பொய்ச் செய்திகளுக்கு அங்கேயே ஆதாரம் போட்டேன், எல்லார் முன்னாலும் திருத்தியதில் இன்னும் மோசமானது. அப்புறம் பொங்கலுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். சித்திதான் காபி கொடுத்து அனுப்பினார்.

அரசியலில் எதிரெதிராக நின்றாலும், 1972இல் ராஜாஜி இறந்தபோது பெரியார் கண்ணீர்விட்டு அழுதார் என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னதே இந்தச் சித்தப்பாதான்.

என் கொள்கையை நான் விடப்போவதில்லை, அவரும் விடமாட்டார். ஆனால் அவர் எனக்கு வேண்டும். இப்படி அரசியலால் முறிந்த பேச்சை மீட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: போய் உட்கார்ந்ததும் முதலில் என்ன பேசினீர்கள்?